வீட்டு கீபோர்டில் பாட்டைப் பதிய எது தோது?

கிருஷ்ணகிரியில் எங்கள் மாடி அறையை ஒட்டினாற்போல 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை போகிறது. போனை ஸ்பீக்கர் முன்னால் சாய்த்து வைத்து ரெக்கார்ட் செய்த காலத்தில், என் இடையிசையில் பாதி லாரி ஹாரன்தான். தோன்றிய மெட்டு மறக்காமலிருக்க போன் போதும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

மிச்சம் இருப்பது இரண்டு: கீபோர்டுக்குள்ளேயே உள்ள ரெக்கார்டர், இல்லையென்றால் லேப்டாப்.

கீபோர்டில் வேலை சீக்கிரம் முடியும். ஸ்டைலை, அதாவது கீபோர்டே தானாக வாசிக்கும் தாளப் பின்னணியைப் போட்டு, இடது கையில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்து, இன்ட்ரோ, ஃபில், எண்டிங் பட்டன்களை நேரம் பார்த்துத் தட்டினால் டிரம்ஸும் பேஸும் ஒரு டிராக்கில் உட்கார்ந்துவிடும். அப்புறம் அதை ஓடவிட்டு, வலது கையில் புல்லாங்குழல். அரை மணி நேரத்தில் பாட்டு ரெடி. ஆறு அட்சர நடை என்றால் நாலு நாலாக ஓடும் ஸ்டைல் எதுவும் ஒட்டாது. தாத்ரா வகை தாளம் வேண்டும். கேசியோ, யமஹாவின் இந்திய மாடல்களில் அது இருக்கும். கஷ்டம் எங்கே என்றால், சின்ன மாடல்களில் கடைசி வரியில் ஒரு சுரம் தப்பினாலும் அந்த டிராக்கையே முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பாதியில் கரண்ட் போனால் அதுவும் போச்சு. அதனால் நான் அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியில்தான் பதிவேன்.

லேப்டாப் கட்சிக்கு ஓசூரில் இருக்கும் என் சித்தப்பா மகன் தலைவர். “அண்ணா, தப்பா வாசிச்சாலும் பரவால்ல, நான் இழுத்து சரி பண்ணிக்கறேன்” என்பான். அவன் சொல்வது மிடி. 1983இல் வந்த முறை இது. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தினோம் என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும், சத்தம் இருக்காது. சிடி தரத்தில் மூன்று நிமிட ஆடியோ சுமார் 30 எம்பி பிடிக்கும். அதே பாட்டு மிடியில் சில பத்து கேபிதான். தப்பிய சுரத்தை மவுஸால் நகர்த்தினால் முடிந்தது.

ஆனால் என் பாட்டை அவன் லேப்டாப்பில் போட்டபோது, தபேலா வர வேண்டிய இடத்தில் ராக் டிரம்ஸ் விழுந்தது! எல்லா இடத்திலும் பொதுவாக இருக்கும் ஜெனரல் மிடியின் 128 ஒலிகளில் சிதார் உண்டு, ஷெனாய் உண்டு. தபேலாவுக்கும் மிருதங்கத்துக்கும் இடமில்லை. நம் ஒலி நம் கீபோர்டுக்குள்தான் இருக்கிறது.

எனவே என் ஓட்டு இரண்டுக்கும் நடுவில். மிடியை லேப்டாப்பில் திருத்தி, திரும்ப கீபோர்டுக்கே அனுப்பி வாசிக்கவிட்டு, ஹெட்போன் ஓட்டையிலிருந்து வயர் இழுத்து ஆடாசிட்டி என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் ஆடியோவாகப் பிடிக்கிறேன். வயரை நேராக லேப்டாப்பில் சொருகாதீர்கள். அந்த ஒற்றை ஓட்டை பெரும்பாலும் மைக்குக்கானது, ஸ்டீரியோ கிடைக்காது, சத்தமும் பிளிறும். நடுவில் ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது வெளிச் சத்தத்தை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி வேண்டும். கீபோர்டு வால்யூம் பாதியில் இருக்கட்டும்.

முதல் நாள் ‘ம்ம்ம்’ என்று ஒரு உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. வயரை மாற்றினேன், ஓட்டையை மாற்றினேன், போகவில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. இப்போது இரண்டுமே பேட்டரியில்தான். ஜன்னல் திறந்தே கிடக்கிறது, லாரி அது பாட்டுக்குப் போகிறது.