'வில்லுக்கேற்ற ஆஷ் கட்பீஸ்' வாங்கும் முன் இதைப் படியுங்கள் (பெங்களூர்)

பழைய சாமான் விற்கும் ஆப்பில் "வெள்ளை ஆஷ், ஃபர்னிச்சர் ஃபேக்டரி மிச்சம், வில் செய்ய ஏற்றது" என்று ஒரு கட்டு 2,800 ரூபாய்க்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆஷ் என்பது வில்லுக்குப் பயன்படும் ஒரு வெளிநாட்டு மரம். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் பட்டை பட்டையாக அறுத்தவை. வாங்காதீர்கள். எனக்கு வந்த கட்டில் மேலே இருந்த சில பட்டைகள்தான் ஆஷ். அடியில் இருந்ததெல்லாம் ரப்பர் மரம், அதுவும் துண்டு துண்டாக ஒட்டியது.

விற்பவர் தமிழர். "நானும் ஓசூர்ப் பக்கம்தான் சார், நம்மாளுக்கு அப்படிச் செய்வேனா" என்றார். பெங்களூரில் நன்றாக விலைபோகிற வசனம். பில் கேட்டதற்கு, வேஸ்ட் பீஸுக்கு யார் சார் பில் போடுவா என்று சிரித்தார்.

பட்டைகளின் இரு முனையிலும் நீலப் பெயிண்ட் அடித்திருந்தார். "முனை வெடிக்காம இருக்க" என்பது அவர் விளக்கம். பச்சை மரத்துக்கு அப்படி மெழுகோ பெயிண்டோ பூசுவது உண்மைதான். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறினால் பிளந்துவிடும். ஆனால் இது ஏற்கெனவே காய்ந்து, இழைத்து வந்த பட்டை. இதற்கு எதற்கு அந்தப் பூச்சு? மரம் இன்னதென்று காட்டிக்கொடுப்பது முனைதான். ஆஷின் முனையைக் கூர்மையான பிளேடால் சீவிப் பார்த்தால் வருட வளையங்கள் தெளிவாக நிற்கும், ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டியிருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். ரப்பர் மரத்தில் அந்த வரிசை கிடையாது. துளைகள் எங்கும் பரவிக் கிடக்கும்.

அடுத்த வேலை இன்னும் நயமானது. வெளிப்பக்கத்திலும் விளிம்பிலும் அடர்ந்த வால்நட் கலர் ஸ்டெயின். பட்டைகளை அடுக்கி ஒட்டும் பக்கத்தில் "பசை பிடிக்க" என்று முரட்டு உப்புத்தாளால் குறுக்கே கீறல். இந்த வகை ஃபிங்கர் ஜாயின்ட் பலகையில், அதாவது துண்டுகளின் முனையைப் பல் பல்லாக வெட்டிக் கோத்து ஒட்டியதில், பற்கள் விளிம்பில்தான் தெரியும், முகத்தில் ஒரு மெல்லிய குறுக்குக் கோடு மட்டும். விளிம்பை ஸ்டெயின் மூடியது, கோடு கீறல்களுக்குள் மறைந்தது.

வில் வளையும்போது முதுகு (எய்பவருக்கு எதிர்ப்புறம்) இழுபடும், வயிறு (எய்பவரைப் பார்க்கும் பக்கம்) அமுங்கும். முதுகில் மரத்தின் நார் ரேகை அறுபடாமல் ஓட வேண்டும் என்பது அதனால்தான். அந்தப் பட்டைகளை அடுக்கி நான் ஒட்டிய வில், டில்லரிங் கப்பியில் (வில் சீராக வளைகிறதா என்று கயிறு கட்டி இழுத்துப் பார்க்கும் கப்பி) பாதி இழுவைகூட வருவதற்குள் படாரென்று போய்விட்டது. கயிற்றைத் தள்ளி நின்று இழுத்ததால் முகம் தப்பியது. முறிந்த இடத்தில் சீப்புப் பல் மாதிரி சுத்தமாக விட்டுப்போன ஜாயின்ட். ஸ்ரீராம்புரத்தில் தெரிந்த ஆசாரி அண்ணனிடம் காட்டினேன். "இது டேபிள் டாப்புக்கு வர்ற ரப்பர் பலகை தம்பி" என்று உடனே சொல்லிவிட்டார்.

விற்றவருக்கு போட்டோ அனுப்பினேன். "மரம்னா உடையத்தான் செய்யும். நீங்க ஓவரா இழுத்திருப்பீங்க." மல்லேஸ்வரத்தில் இருக்கும் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் கொடுத்து என்ன மரம் என்று எழுதி வாங்குகிறேன் என்றதும் என்னை பிளாக் செய்துவிட்டார்.

மிச்ச மரத்தில் வில் செய்வதில் தவறே இல்லை, நானும் தொடர்ந்து செய்வேன். பீன்யா பக்கம் ஃபர்னிச்சர் பட்டறைகளில் நேரில் போய்ப் பொறுக்கினால் இதைவிட மலிவாகவே கிடைக்கிறது. முதுகுக்கு சிவாஜிநகர் பேம்பூ பஜாரில் முற்றிய மூங்கில் வாங்கி, மேல்தோல் வெளியே வரும்படி வைக்கலாம். குட்டைத் துண்டுகள் என்றால் கைப்பிடியில் மட்டும், நீண்ட வெட்டாகக் கோத்து இணையுங்கள். வளைகிற பகுதியில் எந்த இணைப்பும் வேண்டாம். யாரிடம் வாங்கினாலும் விளிம்பில் ரேகையைப் பின்தொடர்ந்து பாருங்கள். பாதியிலேயே சரிந்து வெளியே ஓடினால் அது முதுகுக்கு ஆகாது. முனையில் ஒரு விரற்கடை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பி வந்துவிடலாம்.

ஏற்கெனவே அந்தக் கட்டை வாங்கியவர்கள் இருந்தால், தயவுசெய்து நாண் ஏற்ற வேண்டாம். முதலில் விளிம்பை இழைப்புளியால் சீவி ஸ்டெயினை எடுத்துவிட்டுப் பாருங்கள். பல் தெரிகிற பட்டைகளை அறுத்து அடுக்கி ஒட்டினால் கைப்பிடிக் கட்டைக்கு ஆகும். அந்த இடம் வளைவதில்லை.