குடித்தனம் தெரிவது யாருடைய கடிதங்களில்? பிரௌனிங் இணையரும் கார்லைல் இணையரும்

விக்டோரியா காலத்து எழுத்தாளர் வீடுகளில் அன்றாடம் எப்படிக் கழிந்தது என்று அறியும் ஆவலில், கவிஞர்களான ராபர்ட் பிரௌனிங்கும் எலிசபெத் பாரெட்டும் எழுதிக்கொண்ட காதல் கடிதங்களையும், வரலாற்றாசிரியர் தாமஸ் கார்லைலின் மனைவி ஜேன் எழுதிய கடிதங்களையும் அடுத்தடுத்துப் படித்தேன். ஒன்றுக்கு மட்டுமே நேரம் உள்ளவரிடம் ஜேனைத்தான் கொடுப்பேன்.

பிரௌனிங் கடிதங்களின் அழகைப் பலரும் சொல்லிவிட்டார்கள். 1845 ஜனவரி 10 அன்று ராபர்ட் எழுதியது முதல், 1846 செப்டம்பரில் எலிசபெத்தின் தந்தை அறியாமல் இருவரும் மணந்து இத்தாலிக்குப் புறப்பட்டது வரை, 570க்கும் மேற்பட்ட கடிதங்கள் இரு தரப்பிலிருந்தும் எஞ்சியுள்ளன.

ஆனால் குடித்தனம் தொடங்கும் இடத்தில் அந்தத் தொடர் நின்றுவிடுகிறது. மணந்தபின் அவர்கள் பிரிந்திருக்கவே இல்லை எனலாம். பிரிவு இல்லாத வீட்டில் கடிதத்துக்கு வேலை ஏது? 1834இல் லண்டன் செல்சியாவில் குடியேறிய கார்லைல் இணையரோ அடிக்கடி பிரிந்திருந்தார்கள். தாமஸ் ஸ்காட்லாந்தில் தாயிடம் போய்விடுவார். ஜேன் வீட்டைச் செப்பனிடும் ஆட்களுடன் மல்லுக்கு நிற்பார், அல்லது லிவர்பூலில் தாய்மாமன் வீட்டில் இருப்பார். போதாக்குறைக்கு 1840இல், தொலைவு எதுவானாலும் ஒரே கட்டணம் என்ற ஒரு பென்னி தபால் வந்தது. அதுவரை தொலைவுக்கேற்ற கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதம் பெறுபவரே செலுத்திவந்ததால், அற்ப விஷயத்தை எழுதக் கூச்சம் இருந்திருக்கும். பென்னி தபாலுக்குப் பின் மூட்டைப்பூச்சியும் பணிப்பெண்ணும் பக்கத்து வீட்டுச் சேவலும் தாராளமாகக் கடிதம் ஏறின.

விருந்துகளும் அப்படியே. 1843 டிசம்பரில் நடிகர் மக்ரெடியின் வீட்டுப் பிறந்தநாள் விழாவில், டிக்கன்ஸ் ஒரு மணி நேரம் மந்திரவாதியாகி, ஒருவரின் தொப்பிக்குள் மாவையும் முட்டையையும் இட்டு, வெந்த புட்டிங்கை எடுத்துக் காட்டியதை ஜேன் தன் மாமன் மகளுக்கு எழுதினார். 1855இல் அதே வீட்டுக்குள் இருந்த கணவருக்கே, வீட்டுச் செலவுப் பணம் போதவில்லை என்பதை நாடாளுமன்ற வரவுசெலவு அறிக்கையின் பாணியில் எழுதிக் கொடுத்தார். தாமஸ் சிரித்துவிட்டுக் கூடுதல் தொகைக்கு இசைந்தார். ஒரு புகழ்பெற்ற எழுத்தாளரின் வீட்டில் மெழுகுவர்த்திக்கும் நிலக்கரிக்கும் என்ன ஆயிற்று என்பது காதல் கடிதத்தில் கிடைக்காது.

ஜேனின் எல்லாச் சொல்லையும் அப்படியே நம்பிவிட முடியாது. கதை சுவைக்கவேண்டும் என்பதற்காக மிகைப்படுத்துபவர் அவர். பணிப்பெண்களின் தரப்பு நமக்குப் பெரும்பாலும் இல்லை. உற்ற தோழி ஜெரால்டின் ஜூஸ்பரிக்கு எழுதியவை அந்தத் தோழியின் கையாலேயே அழிந்தன. மறுபக்கம், எலிசபெத் ஃபுளோரன்ஸிலிருந்து தங்கை அரபெல்லாவுக்கு எழுதிய குடும்பக் கடிதங்களில் சிலவற்றையே படித்திருக்கிறேன். அவற்றை முழுக்கப் படித்தால் என் சாய்வு சற்றுக் குறையலாம்.