எழுத்துப் புத்தகத்தில் (கலியாணப் பதிவேட்டில்) பூட்டனைத் தேடுதல்: வன்னியில் நெடுநாள் பாவித்த பிறகு

“குடிசன மதிப்பில எங்கட பூட்டன்ரை பேர் எந்தக் கொப்பியில இருக்கும், எந்தக் கந்தோரில கேக்கவேணும்?” என்று கனடாவில் இருக்கிற சிநேகிதர் ஒருவர் கேட்டிருக்கிறார். பூட்டன் முள்ளியவளைப் பக்கம் கமம் செய்தவராம்.

ஒரு கொப்பியிலும் இராது. அவர் கேட்டதில் பிழையும் இல்லை. இங்கிலாந்தின் 1921 ஆம் ஆண்டுக் கணக்கும் அமெரிக்காவின் 1950 ஆம் ஆண்டுக் கணக்கும் 2022 இல் வீட்டுவாரியாக, பேர்வாரியாகத் திறந்துவிடப்பட்டன. அதைப் பார்த்த பிள்ளைகள் இங்கேயும் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைக்கிறார்கள். இலங்கை முழுவதற்குமான முதல் குடிசன மதிப்பு 1871 இல் நடந்தது. 1931 வரை பத்தாண்டுக்கு ஒன்று, பிறகு 1946, 1953, 1963, 1971, 1981. அச்சில் வந்த அறிக்கைகளில் தலைக்கணக்கு உண்டு, பேர் இல்லை. 2001 இல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கணக்கெடுக்கவே முடியவில்லை. 1981 ஐ விட்டால் வன்னிக்கு அடுத்த முழுக்கணக்கு 2012 தான்.

அப்படியென்றால் அந்த அறிக்கைகளைத் தூக்கி எறியலாமா? வேண்டாம். பழைய அறிக்கைகளின் ஊர்வாரி அட்டவணைகள் ஒரு வேலைக்கு மட்டும் நன்றாக உதவும். வன்னியில் ஒரு குளம், அதன் கீழ் கொஞ்சம் வயல், நாலைந்து வீடு என்பதே ஒரு ஊர். முப்பது பேர் இருந்த ஊர் என்றால் ஆறேழு குடும்பம். அவர்களுக்குள் கொண்டான் கொடுத்தான் உறவு இல்லாமல் இராது. காணி உறுதியில் வருகிற ஊர்ப்பேர் எந்தக் கணக்கில் முதலில் வருகிறது, எந்தக் கணக்கோடு மறைகிறது என்று பார்த்தால், குடும்பம் எப்போது இடம் பெயர்ந்தது என்பது பிடிபடும். ஆனால் புளியங்குளம் என்ற பேரில் வன்னியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர் உண்டு. ஊர்ப்பேரோடு பற்றின் (பல ஊர் சேர்ந்த பழைய நிர்வாகப் பிரிவின்) பேரையும் எழுதி வையுங்கள். மேல்பற்று, கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, கிழக்குமூலை, பனங்காமம் என்ற அந்தப் பேர்கள் இல்லாமல் பழைய பதிவுகளுக்குள் இறங்கினால் மினக்கேடு.

பேர்வாரிக் கணக்குத்தான் வேண்டுமென்றால் பழைய வாக்காளர் இடாப்பைத் தேடுங்கள். வீட்டு ஒழுங்கில் வயது வந்த ஆண் பெண் எல்லாரும் வருவார்கள். உறவு முறை எழுதப்பட்டிராது, வயதும் இராது, என்றாலும் ஒரு கூரையின் கீழ் யார் யார் இருந்தார்கள் என்பது தெரியும்.

இனி எழுத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் கலியாணப் பதிவை ‘எழுத்து’ என்றுதான் சொல்லுவார்கள். முஸ்லிம்களுக்கும் கண்டியச் சட்டத்தின் கீழ் மணம் முடிப்பவர்களுக்கும் வேறு சட்டம். மற்றவர்களுக்கு 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். மாப்பிள்ளை, பொம்பிளை பேர், வயது, தொழில், வதிவிடம், முன்பு மணமானவரா, இருவரின் தகப்பன்மாரின் பேரும் தொழிலும், சாட்சிகள், கையொப்பம் எல்லாம் ஒரே பக்கத்தில். இரண்டு தலைமுறையை இவ்வளவு ஒழுங்காகத் தருகிற பதிவு வேறு இல்லை. புகழ இருக்கிறது இவ்வளவுதான். மிச்சம் எரிச்சல்.

அந்த எரிச்சலுக்கு முதல் காரணம், பேரனின் (தாத்தாவின்) பேரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கிற வழக்கம். 1938 ஆம் ஆண்டு எழுத்து ஒன்று இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை கந்தையா வேலுப்பிள்ளை, வயது 24, கமம். தகப்பன் வேலுப்பிள்ளை கந்தையா, கமம். பொம்பிளை சின்னத்தம்பி நாகம்மா, வயது 19. தகப்பன் கதிரவேலு சின்னத்தம்பி, கமம். மாப்பிள்ளையின் தகப்பனுடைய எழுத்தைத் தேடிப் பின்னால் போனால், அங்கே இதே பேர்கள் கண்ணாடியில் பார்த்தது போலத் தலைகீழாய் நிற்கும். இன்னும் பின்னால் போனால் மறுபடியும் ஒரு கந்தையா வேலுப்பிள்ளை. குடும்பப்பேர் என்று ஒன்று நமக்கில்லை. தகப்பன் பேரும் தன் பேரும்தான். ஆகவே ஐம்பது அறுபது வருஷ இடைவெளியில் பேரனும் பேரப்பிள்ளையும் எழுத்துக்கெழுத்து ஒரே ஆளாகத் தெரிவார்கள். இணையத்தில் வம்சமரம் போட்டு வைத்திருப்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் இரண்டு தலைமுறையை ஒன்றாக்கிப் போட்டிருக்கிறார்கள்.

இன்னும் பழைய பதிவில் அதே ஆள் ‘கந்தர் வேலர்’ என்று இருப்பார். கந்தர் என்பது கந்தையாவாகவும் இருக்கலாம், கந்தப்பு, கந்தவனம், கந்தப்பிள்ளையாகவும் இருக்கலாம். வேலர், வேலுப்பிள்ளையா வேலாயுதமா? பதிவாளருக்கு அது பொருட்டே அல்ல. ஊரில் அழைக்கிற பேர் எதுவோ அதை எழுதினார். பெண்களின் பாடு இதைவிட மோசம். எழுத்தில் நாகம்மா, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் செல்லாச்சி, உறுதியில் சின்னப்பிள்ளை. மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்க வயதும் தகப்பன் பேரும் ஊரும் சேர்ந்து பொருந்தவேண்டும்.

பிரித்தெடுக்க ஒரு வழி உண்டு, அலுப்பான வழி. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் பிறந்த ஆண்டைக் கணக்குப் பண்ணி எழுதுங்கள். 1938 இல் 24 என்றால் 1914. அதற்கு முன்னும் பின்னும் ஐந்து வருஷம் விட்டு வையுங்கள், ஏனென்றால் வயது பெரும்பாலும் வாய்க்கணக்கு. வேலுப்பிள்ளை 1, வேலுப்பிள்ளை 2 என்று இலக்கம் போடுங்கள். கையொப்பத்தைப் பாருங்கள். பேரன் புள்ளடி போட்டிருப்பார், பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போனவர், எழுத்துக்கூட்டிக் கையெழுத்து வைத்திருப்பார். சாட்சிகளின் பேரை விடவே வேண்டாம். அதில் ஒருவர் அநேகமாக அம்மானாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். இந்தக் காரணத்துக்காகத்தான் தட்டச்சில் எடுத்த பிரதியை விடப் பதிவுப் பக்கத்தின் நிழற்படியைக் கேட்கச் சொல்வது. புள்ளடியும் ஓரத்தில் எழுதிய திருத்தமும் தட்டச்சில் வராது.

ஆங்கிலத்தில் எழுதிய அட்டவணை என்றால் கந்தையாவை ‘கே’ யிலும் ‘சி’ யிலும், செல்லப்பாவை ‘எஸ்’ இலும் ‘சி’ யிலும், தம்பையாவை ‘ரி’ என்ற ஒரே எழுத்துக்குள் ‘எச்’ சோடும் ‘எச்’ இல்லாமலும் தேடவேண்டும். ஒருமுறை ‘இல்லை’ என்று மறுமொழி வந்தால் அது அந்த எழுத்துக்கூட்டலுக்குத்தான் இல்லை.

தாய் பேர் எழுத்தில் கிடையாது. மாப்பிள்ளையின் தாயும் இல்லை, பொம்பிளையின் தாயும் இல்லை. பாதிக் குடும்பத்தை விட்டுவிட்டு எழுதிய பதிவு என்று கோபம் வரும். ஆனால் மச்சான் மச்சாள் கலியாணம் நடந்த குடும்பங்களில் தாய்வழி பின்கதவால் உள்ளே வரும். மேலே சொன்ன பொம்பிளையின் தகப்பன் கதிரவேலு சின்னத்தம்பி. மாப்பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தாய் பேர் கதிரவேலு வள்ளியம்மை என்று இருந்து, ஊரும் ஒன்றாக இருந்தால், சின்னத்தம்பியும் வள்ளியம்மையும் கூடப்பிறந்தவர்களாக இருக்க இடமுண்டு. அப்படியானால் வேலுப்பிள்ளை கட்டியது அம்மான் மகளை. பேரை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், காணி எல்லையிலோ சாட்சியிலோ இன்னொரு பிடி கிடைக்கும்வரை பென்சிலால் எழுதி வையுங்கள்.

எதிர்பாராமல் நெஞ்சு நிறைய வைத்தது பிறப்புப் பத்திரம். 1951 ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்துக்குப் பிந்திய படிவத்தில், பிள்ளையின் பேரன் இலங்கையில் பிறந்தவரானால் அவரின் பேர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு (கட்டம்) இருக்கிறது. தகப்பன் இங்கே பிறக்காதவரானால் பூட்டனைக் கேட்கிற கூடும் உண்டு. 1950களில் பிறந்த பிள்ளையின் பத்திரத்தில் 1880களில் பிறந்த பேரனின் ஊர் இருக்கும். இரண்டு வேலுப்பிள்ளைகளையும் பிரிக்க இதைவிட நல்ல கத்தி இல்லை. ஒரு ஆளுக்கு இருக்கிற எல்லாப் பேரப்பிள்ளைகளின் பத்திரத்தையும் சேருங்கள். ஆண்டு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாய் இருக்கும், ஊர் அநேகமாக மாறாது.

அந்தக் கூடு நம்முடைய வம்சம் தேடும் ஆசைக்காக வைத்தது அல்ல. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனும் பேரனும் பூட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. அதற்கேற்ற கூடு இது. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கமம் செய்த குடும்பங்களின் பத்திரத்தில் இதே இடத்தில் ஒரு கோடு கிழித்திருக்கும். ஒருவருக்குப் பூட்டனைத் தருகிற கூடு பக்கத்து வளவுக்காரரின் பிரஜாவுரிமையைப் பறித்த கூடு. அவர்களுக்காகத் தேடுகிறவர்கள் தோட்டத்துப் பதிவில் இருந்துதான் தொடங்கவேண்டும்.

எழுத்தின் திகதியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எழுத்துத் திகதி கலியாணத் திகதி அல்ல. தாலி கட்டிக் கூறை கொடுத்து ஊரறியச் சேர்ந்து வாழ்ந்தால் அந்த வழக்கத் திருமணத்தைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. பதிவு நல்ல சாட்சி, பதிவில்லாவிட்டால் கலியாணமே இல்லை என்றாகாது. அதனால் வயல் வேலையை விட்டுப் பதிவாளரிடம் போவது ஒரு தேவை வந்தபோதுதான். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, காணி அனுமதிப் பத்திரத்தில் பின்னுரித்தாளரைப் போட, ஒருவருக்கு அரசாங்க வேலை கிடைக்க. நாலு பிள்ளை பிறந்த பிறகு எழுத்தெழுதிய தம்பதிகள் உண்டு, எழுதாமலே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. மூத்த பிள்ளை பிறந்த ஆண்டுக்கு முன்னால் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவு கட்டக்கூடாது; பின்னால் இருபது வருஷம் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தில் பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா என்பதற்கு ‘இல்லை’ என்றிருப்பதைக் கண்டு வெளிநாட்டுப் பிள்ளைகள் திடுக்கிடுவது வீண். எழுத்து இல்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் வைக்கவேண்டாம்.

எழுத்தே இல்லாத குடும்பத்துக்குக் கைகொடுப்பது சீதன உறுதி. வடபகுதித் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் சீதனம் தாய் தகப்பன் இருவரும் சேர்ந்து கொடுப்பது, ஆகவே எழுத்து விட்டுவைத்த தாய் இங்கே பேரோடு வருவார். வயலின் நாலு எல்லையையும் படியுங்கள். ‘வடக்கு இன்னாருக்கும் பங்காளருக்கும் உரிய வயல்’ என்றால் அந்த இன்னார் அநேகமாகத் தகப்பனின் சகோதரம். கையில் உறுதி இல்லாவிட்டால் காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேட்டின் பிரதி) எடுக்கலாம். கமக்காரருக்கென்றே இருக்கிற இன்னொன்று 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தோடு வந்த இடாப்பு. வயலின் பேர், சொந்தக்காரர், செய்கைக்காரர் என்று வரும். அதன் வழிவந்த இடாப்புகள் இன்று கமநல சேவை நிலையங்களில். வேலுப்பிள்ளை 2 எந்தக் குளத்துக்குக் கீழே விதைத்தார் என்று தெரிந்தால் வேலுப்பிள்ளை 3 தானாக விலகிப் போவார்.

கந்தோர் தேடிப் போகுமுன் மாவட்ட எல்லையைச் சரிபாருங்கள். முல்லைத்தீவு 1978 இல்தான் தனி மாவட்டமானது, கிளிநொச்சி 1984 இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய பதிவு இன்றைய மாவட்டக் கந்தோரில் இல்லையென்றால் பழைய தாய் மாவட்டத்தில் கேட்கவேண்டும். 2009 இல் பிறந்த முல்லைத்தீவுப் பிள்ளையின் பதிவு, இடம்பெயர்ந்தோர் முகாம் இருந்த செட்டிகுளத்தில் கிடக்கலாம். புத்தகம் போரில் அழிந்துவிட்டது என்று சொன்னாலும் அதோடு எழும்பி வராதீர்கள். இரட்டைப் படி ஒன்று பதிவாளர் நாயகத்துக்குப் போகவேண்டும் என்பது சட்டம், அங்கே எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்தில் பதிவாளர் பிரிவு, தேடவேண்டிய ஆண்டுகள், மாற்றுப் பேர்கள் மூன்றையும் எழுதாவிட்டால் ‘காணப்படவில்லை’ என்று ஒரு வரி வரும். ஒரு கந்தோரில் விண்ணப்பத்தை மூன்றுமுறை திருப்பினார்கள், ஒவ்வொரு முறையும் வேறு காரணம். நாலாவது முறை அதே படிவத்தைத் தொட்டுத் திருத்தாமல் நீட்டினபோது எடுத்துக்கொண்டார்கள்.

சிநேகிதருக்குச் சொல்வது இதுதான். குடிசன மதிப்பை மறந்துவிடுங்கள். உங்கள் தகப்பன், பெரியப்பா, மாமிமாரின் பிறப்புப் பத்திரங்களை முதலில் எடுங்கள், பிறகு உறுதி, பிறகு இடாப்பு. எழுத்துப் புத்தகத்துக்கு ஐந்துக்கு இரண்டு புள்ளி கொடுப்பேன், அந்த இரண்டும் சாட்சிக் கையொப்பத்துக்கு. இரண்டு தலைமுறையை ஒரே பக்கத்தில் தரும் பதிவு என்று மேலே எழுதியதை மாற்றவில்லை, ஆனாலும் ஒருவருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். கந்தர் வேலர் என்ற பேரில் 1902 முதல் 1906 வரை தேடச்சொல்லி இன்னொரு விண்ணப்பம் நிரப்பி மேசையில் கிடக்கிறது, திங்கட்கிழமை கொடுக்கவேண்டும்.