பழைய காருக்கு எல்.இ.டி. முகப்பு விளக்கு: ஆறு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்கள் வீட்டில் இருப்பது 2013இல் வாங்கிய சிறிய கார். மாதம் இரண்டு முறையாவது வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் திருச்சியிலிருந்து கிளம்பி, கீரனூர், புதுக்கோட்டை வழியாக அறந்தாங்கிக்கு அருகே உள்ள எங்கள் ஊருக்குப் போய்ச் சேர இரவு பத்து மணி ஆகிவிடும். சென்ற ஆண்டிலிருந்தே முகப்பு விளக்கின் வெளிச்சம் போதவில்லை. எதிர்வண்டி கடந்துபோன பிறகு சில நொடிகளுக்குச் சாலையின் இடது ஓரம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்தக் கவலையில்தான், திருச்சியில் உதிரிபாகம் விற்கும் ஒரு கடையில் எல்.இ.டி. பல்பு ஜோடி ஒன்றை 2,400 ரூபாய் கொடுத்து வாங்கி மாட்டினேன். இதே வடிவப் பல்பு சந்தையில் எத்தனையோ பெயர்களில் கிடைக்கிறது. நான் சொல்லப்போவது ஒரு நிறுவனத்தின் குறை அல்ல. கம்பி இழை எரியும் பழைய வகை ஹாலஜன் பல்புக்கென்று செய்த விளக்குக்குள் எல்.இ.டி.யைப் பொருத்தும் முறையிலேயே உள்ள குறை. ஆகவே பெயருக்கு இங்கே வேலை இல்லை.

அட்டைப் பெட்டியில் 200 வாட் என்றும் 20,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்றும் அச்சிட்டிருந்தார்கள். கார் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பியைக் கவ்வி மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்ததில் ஒரு பல்பு இழுத்த மின்சாரம் 2 ஆம்பியருக்குச் சற்றே அதிகம், அதாவது ஏறத்தாழ 28 வாட். காரோடு வரும் சாதாரண எச்4 ஹாலஜன் பல்பு டிம்மில் 55 வாட், பிரைட்டில் 60 வாட் எடுக்கும். அதன் வெளிச்சம் டிம்மில் சுமார் 1,000 லூமன், பிரைட்டில் சுமார் 1,650 லூமன். எல்.இ.டி. குறைந்த மின்சாரத்தில் அதிக ஒளி தரும் என்பது உண்மைதான். ஆனால் 28 வாட்டில் 20,000 லூமன் கிடைக்க வழியே இல்லை. வாங்குகிறவர் பெட்டியில் உள்ள எண்ணை நம்பித்தான் பணம் கொடுக்கிறார். அந்த எண்ணே பொய்யாக இருப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மாட்டிய முதல் இரவில் எனக்கு மகிழ்ச்சிதான். பம்பருக்கு முன்னால் பால் ஊற்றியதுபோல் வெள்ளை வெளிச்சம் பரவியது. புதுக்கோட்டையைத் தாண்டி, இருபுறமும் புளியமரங்கள் நிற்கும் பகுதிக்கு வந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். டிம்மில் போய்க்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேலே கவிந்திருந்த கிளைகளில் இலை இலையாகத் தெரிந்தது. மரத்தில் கட்டியிருந்த ஒரு விளம்பரத் தகட்டின் எழுத்துகளைக்கூடப் படிக்க முடிந்தது. டிம் வெளிச்சம் அவ்வளவு உயரத்துக்குப் போகவே கூடாது. அதே நேரத்தில், எனக்கு முன்னால் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு பின்விளக்கு இல்லாமல் போன ஒரு மொபெட், மிக அருகில் நெருங்கிய பிறகே என் கண்ணுக்குப் பட்டது. காருக்கு மிக அருகே தரை பளிச்சென்று இருக்கும்போது கண்மணி சுருங்கிவிடுகிறது; அதனால் தொலைவில் உள்ள மங்கலான உருவம் முன்பைவிடவும் மங்கிவிடுகிறது. அதிக வெளிச்சத்துக்காகப் பணம் கொடுத்த நான், குறைவாகப் பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

இது ஏன் நிகழ்கிறது என்பதைப் பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். எச்4 ஹாலஜன் பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. டிம்முக்கான இழையின் அடியில் கரண்டிக் குழி போன்ற சிறிய உலோகத் தடுப்பு ஒன்று உண்டு. இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒளி, விளக்கின் உள்ளே பளபளப்பாக வளைந்திருக்கும் ரிஃப்ளெக்டரின் அடிப்பாதியில் பட்டால் அது திரும்பி மேல்நோக்கிப் பாயும்; அதைத் தடுப்பதற்காகவே அந்தக் குழி. மெல்லிய கம்பிச்சுருளான இழை எந்த இடத்தில், எவ்வளவு நீளத்தில் இருக்கிறது என்பதை மில்லிமீட்டர் பின்னத்தில் கணக்கிட்டுத்தான் ரிஃப்ளெக்டரின் வளைவை வடிவமைக்கிறார்கள். எல்.இ.டி. பல்பில் இழைக்குப் பதிலாக ஒரு தகட்டின் இரண்டு பக்கங்களிலும் சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. தகட்டுக்கே தடிமன் இருப்பதால் ஒளி பிறக்கும் இடம் நடுவிலிருந்து விலகிவிடுகிறது. சில்லின் பரப்பும் இழையின் பரப்பும் ஒத்துப்போவதில்லை. அந்தக் குழியைப் பார்த்துச் செய்த ஒரு தகட்டையும் அதில் வைத்திருக்கிறார்கள், ஆனால் அது பெயரளவுக்குத்தான். ரிஃப்ளெக்டர் தனக்குக் கிடைத்த ஒளியைத் தன் வளைவுப்படி திருப்பி அனுப்புகிறது; ஒளி தவறான இடத்தில் பிறந்தால் தவறான இடத்துக்குத்தான் போகும்.

வீட்டு மதில்சுவருக்கு எதிரே காரை 5 மீட்டர் தள்ளி நிறுத்தி இரண்டு பல்பையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தேன். ஹாலஜன் போட்டபோது சுவரில் கோடு கிழித்தாற்போல் மேலே இருட்டு, கீழே வெளிச்சம். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்தக் கோட்டின் இடது பகுதி மட்டும் சரிவாக மேலேறி, சாலையோரத்தில் நடந்துபோகிறவர்களைக் காட்டும் விதத்தில் இருந்தது. எல்.இ.டி.யைப் போட்டதும் கோடு கலைந்து, சுவரின் உச்சி வரை வெளிச்சம் திட்டுத் திட்டாகப் படர்ந்தது. திருகாணியைத் திருகி விளக்கைக் கீழே இறக்கினால் சரியாகும் என்றார் கடைக்காரர். இறக்கியும் பார்த்தேன். சிதறும் ஒளி சிதறிக்கொண்டே இருந்தது. சாலையில் விழ வேண்டிய ஒளி மட்டும் காருக்கு இன்னும் நெருக்கமாக விழுந்தது.

இவ்வளவையும் நான் தேடித் தெரிந்துகொள்ளக் காரணம் என் தாய்மாமா. அவருக்கு 67 வயது. நான்காவது வாரம் நாங்கள் ஊருக்குப் போனபோது, பிள்ளைகளைப் பார்க்கும் ஆசையில் மெயின் ரோடு பிரிவு வரை மொபெட்டில் எதிரே வந்திருக்கிறார். நான் டிம்மில்தான் வந்தேன். அவருக்கோ எதிரில் வெள்ளைத் திரை ஒன்றைத் தொங்கவிட்டதுபோல் ஆகிவிட்டது. சாலை தெரியாமல் வண்டியை மண்ணில் இறக்கி, கால் ஊன்றி நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், "மாப்ள, அது உன் வண்டிதானா? ரெண்டு கண்ணும் அவிஞ்சாப்ல போச்சுய்யா. வாய்க்கா ஓரம்னு ஞாபகம் இருந்ததால நின்னுட்டேன்" என்றார். அவர் நின்ற இடத்திலிருந்து வாய்க்கால் இரண்டடிகூட இல்லை. மறுநாள் காலையில் அந்த மண்ணில் பதிந்திருந்த டயர் தடத்தை நான் போய்ப் பார்த்தேன்.

இருட்டுக்குப் பழகிய கண்ணின் மேல் பலத்த ஒளி பட்டால், மங்கலில் பார்க்க உதவும் நிறமி சிதைந்துவிடுகிறது. அது முழுமையாக மீண்டு வர அரை மணி நேரம் வரை ஆகும். ஓரளவு பார்வை திரும்புவதற்கே சில நொடிகள் தேவைப்படும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாக ஆகும். 60 வயதில் ஒருவரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதில் சேர்ந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்புரை தொடங்கியிருந்தால், உள்ளே நுழையும் ஒளியும் சிதறி எல்லாவற்றின் மேலும் புகைபோல் படியும். ஹாலஜனின் மஞ்சள் கலந்த ஒளி, நிறத்தைக் குறிக்கும் கணக்கில் 3,200 கெல்வின் அளவில் இருக்கும். நான் வாங்கியதோ 6,500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. அளவு ஒன்றாக இருந்தாலும் நீலம் கலந்த ஒளிதான் கண்ணை அதிகமாகக் கூசச் செய்யும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. மூன்று நொடி பார்வை போனால் 66 மீட்டர் தூரத்தை ஒருவர் குருடராகவே கடந்திருப்பார். திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் அரளியை நெருக்கமாக வளர்த்திருப்பது எதிர்வெளிச்சத்தை மறைப்பதற்கும்தான். எங்கள் ஊர்ச் சாலையில் நடுத்திட்டும் இல்லை, அரளியும் இல்லை. எதிரே வருகிறவர் கண்ணுக்கும் என் விளக்குக்கும் இடையே என் பொறுப்பைத் தவிர வேறு எந்த மறைப்பும் இல்லை.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்பின் பின்னால் ஃபேன் இருப்பதால் விளக்கின் ரப்பர் மூடியைச் சரியாக மாட்ட முடியவில்லை. ஒரு மழைக்கே விளக்கு முகப்பின் உட்புறம் பனி படிந்தது. விளக்கைப் போட்டாலே எஃப்எம் வானொலியில் இரைச்சல் கேட்டது. ஈரமான தார்ச்சாலையில் அந்த வெள்ளை ஒளி எதையும் காட்டவில்லை.

ஆறாவது வாரம் அதைக் கழற்றிவிட்டு, நாற்பது ஆண்டுகளாக வண்டி வயரிங் பார்க்கும் புதுக்கோட்டை எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் முதலில் செய்தது, பல்பு ஹோல்டரில் மீட்டர் வைத்துப் பார்த்தது. பேட்டரியில் 13.6 வோல்ட் இருந்தது. ஹோல்டருக்கு வந்ததோ 11.7 மட்டுமே. மீதி, பழைய கம்பியிலும் தேய்ந்த சுவிட்சிலும் வீணாகிக்கொண்டிருந்தது. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே ஹாலஜனின் வெளிச்சம் 30 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிடும். ஆக, என் விளக்கு மங்கியதற்குக் காரணம் பல்பே அல்ல. பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும்படி ரிலேயோடு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கூடிய வயரிங் போட்டதும் ஹோல்டரில் 13.2 வந்துவிட்டது. வெயிலில் மஞ்சள் படிந்திருந்த விளக்கின் பிளாஸ்டிக் முகப்பை நீரில் நனைத்த உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, மெருகேற்றி, மேலே பாதுகாப்புப் பூச்சும் கொடுத்தார். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளாகிவிடும். ரிலே வயரிங்குக்கு 900 ரூபாய், மெருகுக்கு 600, புதிய 60/55 வாட் ஹாலஜன் ஜோடிக்கு 500. மொத்தம் 2,000 ரூபாய், எல்.இ.டி.க்குக் கொடுத்ததைவிடக் குறைவு. 100 வாட் ஹாலஜன் போடலாமா என்று கேட்டேன். சூட்டில் இளகிய ஹோல்டர் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார், வேறு எதுவும் சொல்லவில்லை.

பிறகு விளக்கின் உயரத்தைச் சரிசெய்தோம். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். டிம்மின் மேல்விளிம்பு 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்ற கணக்கில் தாழ வேண்டும். என் காரில் விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது; எனவே 5 மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் அந்த விளிம்பு 60இல் நிற்க வேண்டும், சாலையில் 65 மீட்டர் வரை வெளிச்சம் எட்டும். மாறாக, கிடைமட்டத்துக்கு ஒரே ஒரு டிகிரி மேலே ஏறினாலும், 30 மீட்டர் தள்ளி வரும் காரின் ஓட்டுநர் கண்ணுக்கு நேராகப் போய்விடும். டிக்கியில் அரிசி மூட்டை ஏற்றினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து முன்விளக்கு நிமிரும். டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு சக்கரம் இருப்பது அதற்காகத்தான். பத்து ஆண்டுகளாக நான் அதைத் தொட்டதே இல்லை.

எல்.இ.டி. என்றாலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.க்கென்று லென்ஸும் ரிஃப்ளெக்டரும் வடிவமைத்த புதிய கார்களில் ஒளி கோட்டுக்குக் கீழேயே நிற்கிறது. அவற்றிலும் டிம் போட மறுத்துப் பிரைட்டிலேயே போகிறவரால்தான் தொல்லை. ஹாலஜனுக்கான விளக்கு உள்ளவர்களுக்கு நான் இந்த மாற்று எல்.இ.டி. பல்பைப் பரிந்துரைக்க மாட்டேன், விலை பாதியானாலும். கடையில் இதோடு சேர்த்து விற்கும் இரவில் ஓட்டும்போது அணியும் மஞ்சள் நிற மூக்குக்கண்ணாடியையும் வாங்க வேண்டாம். 2019இல் பாஸ்டன் நகரின் ஷெப்பென்ஸ் கண் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட சிமுலேட்டர் (சாலையில் ஓட்டுவதுபோன்ற செயற்கை ஏற்பாடு) ஆய்வில், எதிர்வெளிச்சம் இருக்கும்போது சாலையில் நடப்பவரைக் கண்டுகொள்ள அந்தக் கண்ணாடி உதவவில்லை என்று தெரியவந்தது. இருட்டில் மேலும் கொஞ்சம் ஒளியைக் குறைப்பதுதான் அதன் வேலை.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 106ஆம் விதி, முகப்பு விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், விளக்குக்கு அரை மீட்டர் வலப்பக்கம் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள எவருக்கும் கண்கூசாதபடி விளக்கின் ஒளி தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டிவிடும் பழைய வழக்கத்தின் நோக்கமும் இதுதான். ஊருக்குப் போனதும் வாசலில் 8 மீட்டரை டேப்பால் அளந்து, மாமாவை அங்கே நிற்கச் சொன்னேன். அவர் நின்றால் கண் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் இருக்கும். டிம்மைப் போட்டேன். கையை நெற்றிக்கு உயர்த்தியவர், மெல்லக் கீழே இறக்கி, "இப்ப உன் மூஞ்சியே தெரியுது மாப்ள" என்றார்.