காசிமேடு மீன் சந்தை: எந்தப் படகு மீன் என்று கேட்டு வாங்குங்கள்

சென்னை காசிமேட்டில் கிடைப்பதெல்லாம் ராத்திரி பிடித்த மீன் என்ற நம்பிக்கையில்தான் ஞாயிறு விடிகாலையில் ஊரே அங்கே திரள்கிறது. அந்த நம்பிக்கை பாதிதான் சரி. ஃபைபர் படகு இரவில் போய்க் காலையில் கரை சேர்ந்துவிடும். அது ஒரு நாள் மீன். விசைப்படகு கடலுக்குப் போனால் திரும்பப் பல நாள் ஆகும். முதல் நாள் வலையில் விழுந்தது ஐஸுக்கு அடியில் கிடக்கும், கடைசி நாள் விழுந்தது மேலாக இருக்கும். இது போக, வெளியூரிலிருந்து லாரியில் வந்த பெட்டிகளும் உண்டு. மூன்றும் பக்கத்துப் பக்கத்திலேயே விற்கும். ஆகவே விலை கேட்பதற்கு முன் "எந்த போட்டு மீனு, அக்கா?" என்று கேளுங்கள். பதில் பட்டென்று வந்தால் நம்பலாம். "எல்லாம் ஃப்ரெஷ்தான், எடுத்துக்கோ கண்ணு" என்றால் செவுளைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

செவுள் ரத்தச் சிவப்பாக, வழவழப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ஒரு டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். பூசிய நிறமாக இருந்தால் பேப்பரில் திட்டாக ஒட்டும். கண் பிதுங்கிப் பளிச்சென்று இருக்கணும். வயிற்றை அழுத்தினால் குழி உடனே எழும்பணும். வஞ்சிரத்தைத் துண்டாக வாங்காதீர்கள். வெட்டிப் போட்டபின் அது வஞ்சிரமா சீலாவா என்று பழகிய கண்ணே தடுமாறும். முழு மீனாக எடுத்து, கண்ணெதிரே வெட்டச் சொல்வதுதான் நல்லது.

நண்டு வாங்கும்போது அளவில் ஏமாறுவார்கள். ஓடு கழற்றிய புதிதில் நண்டு பெரிதாகத் தெரியும், உள்ளே தண்ணீர்தான் இருக்கும். கையில் தூக்கிப் பாருங்கள். உருவத்துக்குக் கனக்க வேண்டும். காலை விரலால் அழுத்தி, அமுங்கினால் வைத்துவிடுங்கள். அமாவாசையை ஒட்டி நண்டில் சதை இருக்கும், பௌர்ணமிக்கு இளைத்துவிடும் என்பது கரையில் எல்லோரும் சொல்கிற கணக்கு. இறாலில் தலையோடு 1 கிலோ வாங்கினால் உரித்தபின் அரை கிலோ தேறினாலே அதிகம். பிரியாணிக்கு அளவு போடும்போது இதை மறந்துவிட்டு அல்லாடுகிறவர்கள் ஏராளம்.

ஏலம் பார்க்க நன்றாக இருக்கும், ஒரு வீட்டுக்கு வாங்க உதவாது. கூடையைக் கவிழ்த்த மறுகணமே தொகை ஏறும். எடை கிடையாது, கண் மதிப்புதான். மேலே பெரிய மீன் இருக்கும், அடியில் பொடி கிடக்கும். மூன்று நான்கு வீடு சேர்ந்து பங்கு போட்டால் கட்டுப்படியாகும். 2 கிலோ போதும் என்பவர்கள், தரையில் கூறு வைத்து உட்கார்ந்திருக்கும் அக்காக்களிடம் போங்கள். கொக்கி வைத்த சின்ன டிஜிட்டல் தராசு பையில் இருந்தால், கூறின் விலையைக் கிலோவுக்கு மாற்றிப் பார்த்துவிடலாம். மூன்று இடமாவது விசாரிக்காமல் பணத்தை நீட்ட வேண்டாம்.

எந்த நாள் போகலாம்? ஞாயிறு தவிர எந்த நாளும். புரட்டாசியிலும் கார்த்திகை மாலைக் காலத்திலும் கவுச்சி ஒதுக்கும் வீடுகள் அதிகம், பேரம் படியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கரையோர ஃபைபர் படகு மீன்தான் உள்ளூர்ச் சரக்கு: மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி சின்ன மீன்கள். அந்த மாதங்களில் பெரிய வஞ்சிரம் குவிந்து கிடந்தால் அது மேற்குக் கரையிலிருந்தோ குளிர்கிடங்கிலிருந்தோ வந்திருக்கும். ஜூன் 15 அன்றே ஓடிப்போகாதீர்கள். படகுகள் அன்றுதான் கிளம்பும்.

வாங்கியதைக் கெடுப்பது பெரும்பாலும் வீடு திரும்பும் வழிதான். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் ஒரு மணி நேரம் போச்சு. கறுப்பு கேரி பேக்கில் வெயிலில் கிடந்த கானாங்கெளுத்தியிலும் சூரையிலும் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து உடம்பு அரிக்கும். 'மீன் ஒத்துக்கலை' என்று நாம் சொல்வதில் சில இந்த வகைதான். மூடிபோட்ட பெட்டியில், மீன் எடைக்குச் சமமாக உடைத்த ஐஸை அடியிலும் மேலுமாகப் போடுங்கள். உருகும் தண்ணீரில் மீன் ஊறக் கூடாது.

மீனுக்கு 5-க்கு 4 மதிப்பெண் கொடுக்கலாம். இடத்துக்கு 2 கூட அதிகம்: தரை முழுக்கச் செதிலும் சேறும், வண்டி நிறுத்த இடமில்லை. வழுக்காத ரப்பர் செருப்பு போட்டுப் போங்கள், சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டித் தருபவர்கள் கை வேகம் அபாரம். கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். குழம்புக்கா வறுவலுக்கா என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே கனத்தில் விழும். தலையும் சினையும் வேண்டுமென்றால் கத்தி வைக்கும் முன்பே கேளுங்கள். வெட்டி முடித்தபின் கேட்டால் அது கழிவுக் கூடையில் கிடக்கும்.