வேக்குவம் லீக், எக்ஸாஸ்ட் லீக்: ஸ்ப்ரேயா, புகையா, சோப்புத் தண்ணீரா?

ஐடிலிங் ஏறி இறங்குகிறது, ஸ்கேனரில் 'காற்று அதிகம், பெட்ரோல் குறைவு' என்று சொல்லும் பி0171 கோடு வருகிறது என்றதும், வேக்குவம் லீக் (இன்டேக் பக்கம் ஓட்டை வழியாக வெளிக்காற்று நுழைவது) என்று எண்ணி, கை தானாக ஸ்ப்ரே கேனுக்குப் போகும். அதற்கு முன் ஸ்கேனரோடு இரண்டு நிமிடம் உட்காருவது லாபம். மற்ற முறைகள் லீக் எந்த இடத்தில் என்று காட்டும். லீக் இருக்கிறதா என்பதை ஃபியூல் ட்ரிம்தான் முதலில் சொல்லும். ஈசியு, அதாவது என்ஜின் கணினி, பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதே ட்ரிம்.

என்ஜின் நன்றாகச் சூடானதும் ஷார்ட் டேர்ம் (அந்த நேரத் திருத்தம்), லாங் டேர்ம் (நாள்பட்டுப் பதிந்த திருத்தம்) ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஐடிலிங்கில் கூட்டுத்தொகை +15, +20 சதவீதம் இருந்து, 2500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் வேக்குவம் லீக்கைச் சந்தேகிக்கலாம். த்ராட்டில் மூடியிருக்கும்போது உள்ளே போகும் மொத்தக் காற்றே கொஞ்சம். ஓட்டை வழியாக வருவது அதில் பெரிய பங்கு. த்ராட்டில் திறந்துவிட்டால் அதே ஓட்டை கணக்கிலேயே வராது. மாறாக, வேகம் கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால் லீக்கைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஃபியூல் பிரஷரையும், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரையும் பாருங்கள். காற்றின் அளவுக்குப் பதில் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள என்ஜினில் இந்தக் கணக்கு உதவாது. கூடுதல் காற்றால் மேனிஃபோல்டு அழுத்தம் ஏறும், ஈசியு அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டிவிடும். ட்ரிம் அசையாமல் ஐடிலிங் மட்டும் உயர்ந்து நிற்கும்.

வேக்குவம் கேஜ் பழைய கருவி, ஆனால் நாணயமானது. கடல்மட்டத்தில் ஐடிலிங்கில் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை முள் ஆடாமல் நிற்க வேண்டும். குறைவாக நின்றால் லீக்காக இருக்கலாம், இக்னிஷன் டைமிங் பின்தங்கியும் இருக்கலாம். இடத்தைச் சொல்லாது.

கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை ஓடும் என்ஜினில் சந்தேகமான இடத்தில் அடித்தால், லீக் அதை உறிஞ்சி ஐடிலிங் மாறும். அதன் பலம், வேறு கருவி எதுவும் வேண்டாம் என்பது. பலவீனங்கள்தான் அதிகம். திரவம் வழிந்து வேறு இடத்துக்குப் போய்த் தவறான இணைப்பைக் காட்டிக்கொடுக்கும். ஏர் ஃபில்டர் வாய் அருகே அடித்தால் ஆவி நேராக உள்ளே போய்விடும். புது வண்டிகளில் ஈசியு ஐடிலிங்கை உடனே சரிசெய்துவிடுவதால் காதை நம்ப முடியாது. எக்ஸாஸ்ட் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சாதாரண வகையாக இருந்தால், அதன் வோல்டேஜ் 0.1-லிருந்து 0.8-க்குத் தாவுகிறதா என்று ஸ்கேனரில் பாருங்கள். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் பிளக் வயரும் பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் கூடவே கூடாது. அது வெப்பத்தில் சிதைந்து நச்சு வாயுவாகும். மெல்லிய ஹோஸ் வழியாக, பற்றவைக்காமல் விடும் புரொபேன் இதைவிடத் துல்லியம், வழியவும் வழியாது. ஆனால் காற்றைவிடக் கனமானது என்பதால் கீழே தேங்கும். தீப்பற்றும் ஆபத்து அதற்கும் உண்டு.

இன்டேக் பக்கத்தில் ஸ்மோக் மெஷினுக்கு நிகர் இல்லை. என்ஜின் அணைந்து ஆறியிருக்க வேண்டும். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயை அடைத்துவிட்டு, பிரேக் பூஸ்டர் ஹோஸ் வழியாகப் புகையை ஏற்றுங்கள். அரை பிஎஸ்ஐ முதல் ஒரு பிஎஸ்ஐ வரை போதும். ரெகுலேட்டர் இல்லாத கம்ப்ரசரோடு வீட்டில் செய்த மெஷினை இணைத்து ஆயில் சீலைக் கெடுத்துக்கொள்வது வழக்கமான விபத்து. உள்ளே புகை நிறைந்ததா என்று தெரிய, மறுகோடியில் ஒரு வேக்குவம் ஹோஸைக் கழற்றுங்கள். அதில் புகை வந்த பிறகு அடைத்துவிட்டுத் தேடத் தொடங்குங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் மெல்லிய கீற்றும் தெரியும்.

புகை குழப்பும் இடங்களும் உண்டு. சைலன்சர் வழியாக வந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் திறந்திருக்கின்றன. கிராங்கைக் கொஞ்சம் திருப்பினால் நின்றுவிடும். பிரேக் பூஸ்டரின் டயஃப்ரம் கிழிந்திருந்தால் பானெட்டுக்குள் ஒன்றும் தெரியாது. புகை மெஷினைக் கழற்றி, ஹோஸைப் பூஸ்டரில் மாட்டி, ஏர் ஃபில்டர் குழாயின் அடைப்பையும் எடுத்துவிட்டு என்ஜினை ஓட்டுங்கள். பூஸ்டர் ஹோஸைக் கிள்ளிப் பிடித்தால் ஐடிலிங் மாறும். டர்போ வண்டியில் கம்ப்ரசருக்கும் த்ராட்டிலுக்கும் இடையிலான பிளவு ஒரு பிஎஸ்ஐயில் வாயே திறக்காது. அங்கே அந்த வண்டியின் பூஸ்ட் அளவைத் தாண்டாமல் ரெகுலேட்டர் வழியாகக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் அடிக்க வேண்டும். அதற்கு முன் கிராங்க்கேஸை இன்டேக்கோடு இணைக்கும் பிசிவி ஹோஸை அடைக்க மறந்தால் கிராங்க்கேஸ் சீல் பிதுங்கும்.

எக்ஸாஸ்ட் பக்கம் வந்தால் வரிசை தலைகீழ். புகை வண்டிக்கு அடியில் பரவிக் கலைந்துவிடுவதால் எங்கே கிளம்பியது என்று கண்டுபிடிப்பது சிரமம். வேக்குவம் கிளீனரின் காற்று வெளியே தள்ளும் வாயை சைலன்சர் முனையில் துணி சுற்றிச் செருகி, ஆறிய மேனிஃபோல்டிலும் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். மயிரிழை விரிசலிலும் குமிழ் வரும். சைலன்சரின் அடியில் நீர் வடிய விட்ட சிறு துளையை லீக் என்று எண்ணி அடைத்துவிடாதீர்கள். வலை சுற்றிய வளையும் குழாயான ஃப்ளெக்ஸ் பைப் ஓட்டையானால் வலை முழுக்கக் குமிழ் கிளம்பும். இடத்தைத் தேடாமல் பைப்பையே மாற்றிவிடுங்கள்.

முதல் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் உள்ள லீக்தான் ஆளை ஏமாற்றும். எக்ஸாஸ்ட் அலைகளுக்கு நடுவே அழுத்தம் தாழும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும், சென்சார் காற்று அதிகம் என்று தவறாகச் சொல்லும், ட்ரிம் ஏறும். வேக்குவம் லீக் போலவே தோன்றும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' சத்தம் வந்து, இரும்பு சூடாகி விரிந்ததும் அடங்கினால், மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும் உடைந்த ஸ்டட்டையும் முதலில் பாருங்கள். கரி படிந்த கோடு இருந்தால் வேறு சான்று வேண்டாம். என்ஜின் ஓடும் சோதனைகளை மூடிய இடத்தில் செய்யக் கூடாது; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சரிசெய்ததும் ட்ரிம்மை அழித்துவிட்டு, மறுபடி சூடாக்கிப் பாருங்கள். +5-க்குள் வராமல் +9, +10-இல் நின்றால் இரண்டாவது லீக் ஒன்று எங்கோ இருக்கலாம். பழைய ரப்பர் ஹோஸ்கள் பெரும்பாலும் சேர்ந்தேதான் விரிசல் விடும்.