கொச்சிக்கடைச் செவ்வாயும் மேடை ஞாயிறும்

கொழும்பில் ஊர்ப் பண்பாடு கிறிஸ்தவத்துக்குள் வருவது ஒரே வழியில் அல்ல. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நின்று பாருங்கள்: நேர்த்தி, மெழுகுவர்த்தி, சுரூபத்தைத் தொட்டுக் கும்பிடுதல். இந்துக்களும் பௌத்தர்களும் அதே வரிசையில் நிற்பார்கள்.

பழைய திருச்சபைகளைச் சேராமல் தனியாக இயங்கும் புதிய சுயாதீன சபைகள் பலவற்றில் நுழைந்திருப்பது நகரச் சந்தை. திரை, டிரம்ஸ், அப்புறம் ஆசீர்வாதம் என்றால் வேலை, வீடு, விசா. சரி, நேர்த்தியும் பேரம்தானே? பேரம்தான். ஆனால் விசா கிடைக்காதவரும் அடுத்த செவ்வாய் கூசாமல் கொச்சிக்கடைக்கு வரலாம். சபை மேடையில் ‘கடவுள் எனக்குச் செய்தார்’ என்று சாட்சி சொல்ல அவருக்கு மைக் கிடைப்பது அரிது. அதேசமயம், பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் வீட்டு ஜெபக்குழு சபையில்தான் உண்டு. திருத்தலக் கூட்டத்தில் உங்களை யாருக்குத் தெரியும்?

கல்யாணப் பேச்சில் சாதியும் சீதனமும் எழும்போது மட்டும் இரு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.